படுவான்கரைக்கு ஒரு தீயணைப்புப் படை

கச்சான் காற்று வீசும் மாதங்களில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அடுப்புத் தணலைக்கூட நம்பமுடியாது. கிடுகுக் கூரையில் ஒரு பொறி போதும். 2014இல் ஜப்பான் உதவியோடு மண்முனைப் பாலம் வந்தது; வாவியைக் கடக்கப் ‘பாதை’ எனும் மிதவைக்குக் காத்துநின்ற காலம் போனது. ஆனாலும் மட்டக்களப்பு மாநகரசபையின் தீயணைப்பு வண்டி வாவியைத் தாண்டி, கிரவல் வீதியில் குலுங்கி வருவதற்குள் கூரை சாம்பலாகிவிடும். குறை அவர்களிடமில்லை, தூரம் அப்படி. எங்கள் அயலில் வைக்கோல் பற்றியபோது அணைத்தது வயலுக்கு இறைக்கும் பம்பும் நாலு பொடியன்களும்தான்; ஒருவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நின்றான்.

பாலம் தந்த ஜப்பானில் கடைக்காரரும் விவசாயியும் அழைத்தவுடன் ஓடிவரும் ‘ஷோபோதான்’ எனும் தீயணைப்புப் படையில் லட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள். சிறு கொடுப்பனவும் உண்டு. நமது பிரதேச சபைகளும் ஊருக்குப் பத்துப் பேரைப் பயிற்றட்டும். பம்பு, குழாய், சப்பாத்து, முக்கியமாகக் காப்புறுதி கொடுக்கட்டும்.