இரண்டு டிஸ்க் இருந்தால் போதுமா?

எங்கள் பாட்டிக்கு இருக்கும் ஒரே படம் வாக்காளர் அட்டைக்காக எடுத்தது. அதனாலோ என்னவோ, வீட்டுப் படங்கள் விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பயம் அதிகம்.

2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் புதிதாக ஏற்றும் படங்களும் 15 ஜிபி இலவச இடத்துக்குள் அடங்க வேண்டும் என்றானது. பலர் நாஸ் பெட்டிக்கு மாறினார்கள். ரூட்டரில் இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாப் போனும் கணினியும் அதில் சேமிக்கும். சந்தா கிடையாது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் "ரெய்டு 1 போட்டிருக்கு, ரெண்டு டிஸ்க், பயமில்லை" என்று தோழர்கள் சொல்லும்போது நாங்கள் உடன்படுவதில்லை. ஒரு டிஸ்க் பழுதானால்தான் அது காப்பாற்றும். கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே போய்விடும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர், இணையத்துக்குத் திறந்து கிடந்த க்யூநாப் பெட்டிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு பிட்காயின் கேட்டது. அங்கே எத்தனை டிஸ்க் இருந்து என்ன பயன்? 2015 சென்னை வெள்ளம் போல தண்ணீர் வீட்டுக்குள் வந்தாலும் இதே கதிதான்.

கையில் காசு குறைவென்றால் பெட்டிக்குள் ஒரே டிஸ்க் போதும். இரண்டாவதற்கான பணத்தில் யுஎஸ்பி டிஸ்க் வாங்குங்கள். (கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.) மாதம் ஒருமுறை நகலெடுத்து, நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, கழற்றி வேறு ஊரில் வையுங்கள். எங்களுடையது மதுரையில், அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது.