மேசைக்குத் தடை, திரைக்கு அனுமதியா?

பிரிட்டனில் வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குள் ஒரு வழக்கு ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறது. வழக்காளி வாப்பா, எதிராளி பதினான்கு, பதினைந்து வயது மகன், சான்றுப் பொருள், ஓர் அங்குலத்தைச் சற்றே விஞ்சும் உயரமுள்ள ஒரு பிளாஸ்டிக் படைவீரன். மகன் அதற்கு வண்ணம் தீட்டியிருக்கிறான். வாரத்தில் ஒரு மாலை அதையும், அதைப் போன்ற வேறு நாற்பது ஐம்பது உருவங்களையும் உள்ளூர் மன்றத்துக்கு எடுத்துச் சென்று, மேசைமீது அணிவகுத்துப் போர் விளையாட்டு ஆடுகிறான். வாப்பா பெட்டியைத் திறந்து பார்க்கிறார். உருவம் இருக்கிறது, பகடை இருக்கிறது, சில உருவங்களுக்குக் கொம்பும் இருக்கிறது. ‘ஹராம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு வழக்கு முடிகிறது. பெட்டி குப்பைக்குப் போகிறது. பிள்ளை அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியை எடுக்கிறான். வீட்டில் அமைதி திரும்பிவிட்டதாகப் பெரியவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

அந்த அமைதியைத்தான் நாம் எதிர்க்கிறோம். மேசையைத் தடுத்தவர்கள் திரையைத் திறந்து விட்டிருக்கிறார்கள். மார்க்கத்தின் பெயரால் தடுக்கப்பட்டது எதுவோ, அதைவிட மார்க்கம் கடுமையாகக் கண்டிப்பது எதுவோ, அதற்கே கதவு திறந்திருக்கிறது.

முதலில் அந்த மேசையில் நடப்பது என்னவென்று பார்ப்போம். தீர்ப்புச் சொன்னவர்களில் பெரும்பாலோர் அதை ஒருமுறையேனும் நின்று பார்த்தவர்கள் அல்லர். உருவங்கள் துண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் சட்டகத்தில் வரும். அவற்றை வெட்டியெடுத்து, வார்ப்பின் விளிம்புக் கோடுகளைச் சுரண்டி, ஒட்டி, பிரைமர் பூசி, அதன்மேல் அடிப்படை நிறம், பின்னர் பள்ளங்களில் இறங்கும் நீர்த்த கருநிறம், பின்னர் மேடுகளில் மட்டும் உலர் தூரிகையால் ஒரு வெளிர் பூச்சு என்று படிப்படியாகச் செல்லவேண்டும். ஒரு வீரனுக்கு ஒரு மாலை போய்விடும். ஒரு படைக்கு ஒரு குளிர்காலமே போய்விடும். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் அமர மாட்டான் என்று ஆசிரியர் குறைகூறிய பிள்ளை, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சட்டைப் பொத்தானுக்கு நிறமிடுவதைக் கண்ட பெற்றோர் நம்மிடையே உண்டு. ஆட்டமோ, அங்குல அளவுநாடாவை வைத்து அளந்து நகர்த்துவது; எந்த மேட்டிலிருந்து எந்தப் படை தெரியும், எங்கே காத்திருப்பது, எதை இழந்து எதைப் பிடிப்பது என்று கணக்கிடுவது. எதிரே அமர்ந்திருப்பவர் ஐம்பது வயதுத் தபால்காரராக இருக்கலாம். ஆட்டம் முடிந்ததும் இருவரும் கைகுலுக்கி, எங்கே பிழைத்தது என்று பேசிக்கொண்டே உருவங்களைப் பெட்டியில் அடுக்குவார்கள்.

சரி, உருவம். ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளைப் பற்றி அபூதாவூதில் உள்ள அறிவிப்பை நம் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். துணியால் சிறகு வைத்த குதிரை ஒன்று அவற்றிடையே இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அன்னையார் பதிலளித்தார். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இதனை வைத்துப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு உலமாக்களில் பலர் விலக்களித்துள்ளனர். இந்த விலக்கு எந்த வயதுவரை செல்லும், மகளின் பொம்மைக்குச் செல்லும் விலக்கு மகனின் படைவீரனுக்கும் செல்லுமா என்பவை ஆலிம்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள். கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு உருவங்களைக் காட்சிக்கு வைக்கும் வளர்ந்த ஆண்மகனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆட்டம் முடிந்தால் உருவம் பெட்டிக்குள் போகட்டும். ஆனால் தங்கைக்குப் பிறந்தநாள் பரிசாகப் பார்பி பொம்மை வாங்கிக் கொடுத்த கையே அண்ணனின் படைவீரனைக் குப்பையில் போடும்போது, அங்கே நடப்பது மார்க்கத் தீர்ப்புத்தானா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கொம்புள்ள உருவங்களின் சங்கதி வேறு. 1975இல் லண்டனில் தொடங்கி இன்று நாட்டிங்ஹாமில் தலைமையகம் கொண்டுள்ள கேம்ஸ் வர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் ‘வார்ஹாமர்’ விளையாட்டையும், 1987இல் அதன் விண்வெளி வடிவத்தையும் வெளியிட்டது. அந்தக் கதையுலகில் பேய்களும் பொய்த் தெய்வங்களும் நிறைய உண்டு. எல்லாச் சமயங்களையும் ஒழிக்க முயன்ற ஒரு பேரரசனையே பின்வந்தோர் தெய்வமாக்கி வணங்குவதுதான் விண்வெளிக் கதையின் நடுப்புள்ளி. இதைப் பிள்ளை படிக்கலாமா? வாப்பாவோடு பேசிக்கொண்டே படித்தால், மனிதர்கள் மனிதனை எப்படித் தெய்வமாக்குகிறார்கள் என்பதற்கு இதைவிட வசதியான பாடம் கிடைப்பது அரிது. யாரோடும் பேசாமல் தனியே படித்தால் நாமும் தயங்குவோம்.

பகடையைப் பற்றி மழுப்ப மாட்டோம். ‘நர்த்’ என்னும் பகடையாட்டத்தை ஆடுபவன் பன்றியின் இறைச்சியிலும் இரத்தத்திலும் கையைத் தோய்த்தவன் போன்றவன் என்ற கருத்திலான நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. பணம் கட்டாவிட்டாலும் அது கூடாது என்பதே பெரும்பான்மை உலமாக்களின் நிலை. சதுரங்கத்தை ஹனஃபிகள் கடுமையாக விலக்க, ஷாஃபிஈகள், சூதின்றியும் தொழுகை தவறாமலும் ஆடினால், மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்தினர். எண்ணிக் கணித்து ஆடுவதையும் விழுந்த எண்ணை நம்பி ஆடுவதையும் அவர்களின் ஃபிக்ஹ் நூல்கள் வேறு வேறாகப் பார்த்தன. மேசைப் போர் விளையாட்டில் இரண்டும் கலந்திருக்கின்றன. படை நகர்வது கணிப்பால், அம்பு தைப்பது பகடையால். ஆகவே இது உண்மையான கேள்வி. பெருநாளன்று உறவினர் கூடி லூடோப் பலகையை விரித்துப் பகடை உருட்டும் நம் வீடுகளில் மட்டும் இந்தக் கேள்வி ஏன் எழுவதே இல்லை என்பதும் உண்மையான கேள்விதான்.

பகடையை விலக்க விரும்பும் பிள்ளை விளையாட்டையே விலக்க வேண்டியதில்லை என்பதைத் தடை விதித்தவர்கள் அறியவில்லை. இவ்வகை ஆட்டம் பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சியாகத் தொடங்கியது. ரைஸ்விட்ஸ் 1824இல் செப்பனிட்ட முறையில் பகடை இருந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி பகடையையும் அட்டவணைகளையும் ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள ஒரு நடுவரின் தீர்ப்பைக் கொண்டே ஆட்டத்தை நடத்தலாம் என எழுதினார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட விதிநூலில், சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் மரக்குண்டு எய்து எந்த வீரன் விழுகிறானோ அவனே மாண்டவன். கண்ணும் கையுமே அங்கே தீர்ப்பளித்தன. எதிராளி உடன்பட்டால் பகடையில்லா ஆட்டத்தை எந்த மன்றத்திலும் ஆடலாம். இவ்வளவும் ஒரு மாலை நேரத்துப் பேச்சில் தீர்ந்திருக்கக்கூடியவை.

இனி, பெட்டியைக் குப்பையில் போட்டபின் பிள்ளை எங்கே போனான் என்று பார்ப்போம். கைப்பேசியில் அவன் ஆடுவதும் போர்தான். அங்கே விழுபவர்களுக்குக் கணக்கில்லை. விழுந்தவன் சில நொடிகளில் எழுந்து வருகிறான். எதிராளிக்கு முகமில்லை, பெயரில்லை, வாயில் மட்டும் வசை உண்டு. அதைவிடக் கேடானது கடைப்பகுதி. பணம் செலுத்தி, உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரியாத ஒரு பெட்டியைத் திறக்கும் ‘லூட் பாக்ஸ்’ முறை பல விளையாட்டுகளில் உண்டு. கால்பந்து விளையாட்டுகளில் அது வீரர் அட்டைப் பொதியாக வரும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இதனைச் சூதாட்டம் என்றே கூறித் தடுத்தது. பிரிட்டிஷ் அரசு 2022இல் இதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவர மறுத்துவிட்டது. பணத்தைக் கொடுத்து அதிர்ஷ்டத்தை வாங்குவதற்கு நம் மார்க்கத்தில் ஒரு பெயர் உண்டு: மைஸிர். குர்ஆன் மதுவோடு சேர்த்துப் பேசும் அந்த மைஸிரை, வாப்பாவின் வங்கி அட்டை எண்ணைக் கொண்டே மகன் ஆடிக்கொண்டிருக்கிறான். சத்தம் வராததால் யாரும் கேட்பதில்லை. மன்றத்துக்கான படைவீரனை வாங்கும்போதோ, பெட்டிமேல் உள்ள படமே உள்ளே இருக்கும் பொருள். (உள்ளிருப்பது தெரியாத பொதிகளாக விற்கப்படும் சிற்றுருவங்களும் சில உண்டு, அவற்றை வாங்காதீர்கள்.)

உருவம், பகடை இரண்டையும்விட வலுவான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. அதை எழுப்புபவர்கள் பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்கள். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில், கையில் கிடைத்ததோடு வெளியேற்றப்பட்டார்கள். அந்தப் பாதையில் நடந்த ஒரு மூத்தம்மா, இன்று லண்டன் வீட்டின் சாப்பாட்டு மேசையில் பேரன் துப்பாக்கி வீரர்களை நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்து, “போரை வெளாட்டாக்காதீங்க மகன்” என்று சொன்னால், அதற்கு ஃபிக்ஹ் நூலில் பதில் தேடக்கூடாது. அச்சொல்லுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் அவரிடம் ஒன்றை மட்டும் பணிவோடு சொல்வோம். திரையில் ஆயிரம் பேரைச் சுட்டவனுக்கு இல்லாத ஒரு தயக்கம் மேசையில் இருக்கிறது. விழுந்த வீரனைத் தன் கையாலேயே எடுத்து அகற்றவேண்டும். அவன் முகத்துக்கு நிறமிட்டதும் அதே கை. வெல்ஸ் தம் நூலின் இறுதியில் கூறியதும் இதைச் சார்ந்ததே: இந்தச் சிறு போரில் எவ்வளவு குழப்பமும் பிழையும் நேர்கின்றன என்று கண்டவன், மெய்யான பெரும்போர் எத்தகைய பேரழிவாயிருக்கும் என்று உணர்வான் என்பது அவர் வாதம். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. விளையாட்டு யாரையும் திருத்திவிடும் என்று அதனால் நாம் வாதிடவில்லை. மூத்தம்மா பேரனின் அருகில் அமர்ந்து அந்த அக்டோபரைப் பற்றிப் பேசுவதற்கு அந்த மேசை இடம் கொடுக்கிறது, கைப்பேசி கொடுப்பதில்லை.

எல்லா மேசைகளும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களை ஆடுவதற்கென்றே விதிநூல்கள் வந்துள்ளன. தலைப்பாகை கட்டி ராக்கெட் லாஞ்சர் ஏந்திய உருவங்கள் ‘எதிரி’ என்ற பெயரில் விற்பனைக்கு உள்ளன. நேற்றுவரை புதைக்கப்பட்டுக்கொண்டிருந்த மக்களைப் புள்ளிக் கணக்காக்கும் அந்த மேசையிலிருந்து நம் பிள்ளை எழுந்து வரட்டும். ஏன் எழுந்தேன் என்று மன்றத்தாரிடம் மரியாதையோடு சொல்லிவிட்டும் வரட்டும். அதே மன்றத்தின் அடுத்த மேசையில் 1187இன் ஹித்தீன் இருக்கலாம். 1260 செப்டம்பரில் குதுஸும் பைபர்ஸும் மங்கோலியரைத் தடுத்து நிறுத்திய ஐன் ஜாலூத் இருக்கலாம். மம்லூக் படைக்கு வண்ணம் தீட்டும் பிள்ளை, பைபர்ஸின் சிங்கச் சின்னம் எப்படியிருந்தது என்று அறிய நூலகத்துக்குப் போயாக வேண்டும். நம் வாராந்திர வகுப்புகளில் இந்த வரலாற்றை யார் சொல்லித் தருகிறார்கள்?

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம்: பத்து வீரர்கள் கொண்ட பெட்டி முப்பது பவுண்டைத் தாண்டும், படை முழுவதையும் புதிதாக வாங்குவது வீண்விரயம், மன்றங்களில் பழைய உருவங்கள் கைமாறுவது வழக்கம், அவற்றை வாங்கித் தரலாம். நேரம் அவ்வளவு எளிதன்று. டிசம்பரில் மாலை ஏழு மணிக்கு முன்பே லண்டனில் இஷா நேரம் வந்துவிடும். ஜூனில் ஒன்பதே காலுக்கு மேல்தான் மஃரிப், அது ஆட்டத்தின் நடுவே வரும். எழுந்து தொழுதுவிட்டு வருகிறேன் என்று சொல்ல நாணாத பிள்ளை மன்றத்துக்குப் போகலாம். நாணுபவனோடு முதல் சில வாரம் வாப்பாவும் போகட்டும்.

உண்மையான சிக்கல் இடம். பல மன்றங்கள் மதுவிடுதியின் மாடியறையில் கூடுகின்றன. வேறு சில, மதுக்கடையோடு கூடிய சமூகக் கூடங்களில். அங்கே பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோரை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் அதற்கு விடை பிள்ளையின் பெட்டியைப் பறிப்பதன்று, இடம் கொடுப்பது. நம் ஜமாஅத்துகள் பலவற்றில், தொழும் பகுதியைச் சேராத ஒரு கூடம், நிக்காஹ் விருந்துக்கும் பெருநாள் கந்தூரிக்கும் மட்டும் திறக்கப்பட்டு மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி நேரம் அதைத் திறந்து வையுங்கள். நடுவராக அமர, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கேளுங்கள். பகடை வேண்டாம் என்று அங்கே நாமே விதி வகுத்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வரட்டும். பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வார்ஹாமரின் வழக்கமான ஆட்டத்துக்கே அறுபது அங்குலத்துக்கு நாற்பத்து நான்கு அங்குல இடம் போதும். கூடத்தின் மூலையில் மடித்துச் சாத்தி வைத்திருக்கும் அந்த டேபிள் டென்னிஸ் மேசையை விரித்தால் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் நடத்தலாம்.