இடிதாங்கி மேலே இருக்கு, சரி... கீழே?

நம்மூரில் யாரும் 'மின்னல் விழுந்தது' என்று சொல்ல மாட்டார்கள். 'இடி விழுந்தது' என்போம். இடி வெறும் சத்தம், அடிப்பது மின்னல். இதே பேர்க்குழப்பம் இடிதாங்கியிலும் உண்டு. பேரைக் கேட்டால் அந்தக் கம்பி இடியை நெஞ்சில் வாங்கி நிறுத்திவிடும் போலத் தோன்றும். அது எதையும் தாங்குவதில்லை நண்பர்களே. கடத்திவிடுகிறது, அவ்வளவுதான்.

நம் வீட்டு மிக்சி இழுப்பது இரண்டு மூன்று ஆம்பியர். ஒரு சாதாரண மின்னலில் பாய்வது சுமார் 30,000 ஆம்பியர். அவ்வளவும் மொட்டைமாடிக் கம்பியிலிருந்து செம்புப் பட்டை வழியாக இறங்கி எர்த் குழிக்குள் போக வேண்டும். கம்பி, பட்டை, குழி மூன்றும் சேர்ந்தால்தான் இடிதாங்கி. 1750களில் பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்ன காலத்திலிருந்து இதே கதைதான். நடுவில் பட்டை அறுந்திருந்தால் மின்னல் சும்மா இருக்காது. சுவர், ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், பக்கத்தில் நிற்கும் ஆள் என்று தாவும்.

நான் பார்த்த ஒரு கட்டடத்தில் (பேர் வேண்டாம்) மாடியில் சூலம் மாதிரி கம்பி ஜம்மென்று நிற்கிறது. பட்டை முதல் மாடி வரைதான் வருகிறது. அதற்குக் கீழே ஆணி அடித்த தடம் மட்டும். செம்பு என்ன விலை விற்கிறது என்று திருடனுக்கும் தெரியுமே :)

உடனே ஒருவர் கோபுரக் கலசத்தை இழுப்பார். கலசம் செம்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதிலிருந்து மண் வரைக்கும் பட்டை இறங்குகிறதா? இல்லையென்றால் அதுவும் முதல் மாடியோடு நின்ற கதைதான்.

பட்டை ஒழுங்காக இருந்தாலும் உசிலம்பட்டிப் பக்கம் இன்னொரு சிக்கல், மண். மானாவாரி பூமி. சித்திரை, வைகாசியில் காய்ந்து கிடக்கும். கோடை இடிமழை வருவதும் அப்போதுதான். காய்ந்த மண்ணில் மின்சாரம் சுலபமாக இறங்காது. எர்த்தின் மின்தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது அதற்காகத்தான். கட்டடம் திறந்த அன்று ஊற்றியதோடு சரி, அப்புறம் யார் ஊற்றுகிறார்கள்?

2022இல் மட்டும் இந்தியாவில் மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. மின்னலில் சாகிறவர்களில் வயலில், மரத்தடியில் நின்றவர்களே அதிகம். வானம் கறுத்ததும் காட்டுவேலை செய்கிறவர்கள் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்றபடி ஓடி ஒதுங்குவது பக்கத்துப் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோதான். ஒதுங்குகிற இடமே ஆபத்தாக இருந்தால்? ஜெய்ப்பூரில் ஆமேர் கோட்டைக்கு அருகே ஒரு காவல் கோபுரத்தில் 2021 ஜூலை 11 அன்று மின்னல் தாக்கி 11 பேர் இறந்தார்கள். மழையை வேடிக்கை பார்க்க ஏறியவர்கள். காங்கிரீட் கட்டடத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் தப்பலாம்தான், ஆனால் குழாய், ஒயர், சுவர் எதையும் தொடாமல் தள்ளி இருக்க வேண்டும்.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தீக் காப்பீட்டு பாலிசியை எடுத்துப் பாருங்கள், தீக்கு அடுத்து வருவதே மின்னல்தான். 'இன்சூரன்ஸ் இருக்குப்பா' என்று நிர்வாகங்கள் நிம்மதியாக இருப்பது அதனால்தானோ என்னவோ. அந்த பாலிசி இடிந்த சுவருக்குத்தான் பணம் தரும், வராண்டாவில் ஒதுங்கி நின்ற ஆளுக்கு இல்லை.

தீயணைப்பு சிலிண்டரில் தேதி எழுதிய அட்டை தொங்குகிறதல்லவா? அதே மாதிரி எர்த் குழிக்குப் பக்கத்துச் சுவரிலும், அளந்த தேதியும் எத்தனை ஓம் என்பதும் பெயிண்டில் எழுதியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனியிலேயே. ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு எர்த் டெஸ்டர், அரை நாள் வேலை.