பிக்கப்பை உயர்த்தினால் மலை ஏறிடுமா? லிஃப்ட் கிட், பெரிய டயர்... வேலூர், ஆம்பூர் பகுதியில் வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்த தோல் தொழில் ஊர்களில் பிக்கப் வண்டி இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. உப்பு போட்ட தோல் மூட்டையில் இருந்து தைத்து முடித்த ஷூ பெட்டி வரை எல்லாமே பிக்கப்பில்தான் போகிறது. அதே சாலைகளில் இப்போது இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற 4×4 பிக்கப்களையும் பார்க்க முடிகிறது. வார நாளில் தொழிற்சாலை, ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலை என்பது பலரின் கணக்கு.

வண்டி வாங்கிய கையோடு வரும் அடுத்த கேள்வி, "2 இன்ச் தூக்கிடலாமா? பெரிய டயர் போட்டுடலாமா?" என்பதுதான். பார்க்க கெத்தாக இருக்கும், சரி. ஆனால் வண்டிக்கு உள்ளே என்ன மாறுகிறது? சட்டம் என்ன சொல்கிறது? நம்ம ஊர் மலைச் சாலைக்கு இது உண்மையிலேயே தேவையா? விரிவாகப் பார்க்கலாம்.

லிஃப்ட் கிட் என்றால் என்ன?

வண்டியின் உடலை சக்கரத்தில் இருந்து மேலே தூக்கும் பாகங்களின் தொகுப்புதான் லிஃப்ட் கிட். வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டிலும் முன்பக்கம் காயில் ஸ்பிரிங், பின்பக்கம் கமான் பட்டை. முன்னால் உயரமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் மாற்றுவார்கள். பின்னால் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பார்கள், அல்லது நீளமான ஷேக்கிள் போடுவார்கள்.

இதில் மலிவான வழி, இருக்கும் ஸ்பிரிங்குக்கு மேல் 'ஸ்பேசர்' எனும் கட்டையை வைப்பது. உயரம் கூடும். ஆனால் ஷாக் அப்சர்பர் பழையதுதான் என்பதால், சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் குறைந்துவிடும். பள்ளத்தில் 'டங்' என்று இடிக்கும் சத்தம் பெரும்பாலும் இதனால்தான்.

பலர் கவனிக்காத விஷயம்

லிஃப்ட் கிட் போட்டால் சேஸிஸ் உயரும். ஆனால் பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் உயராது. அது சக்கரத்தோடு சேர்ந்த பாகம். மலைப்பாதையில் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முதலில் இடிப்பது பெரும்பாலும் அதைத்தான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதனால்தான் அனுபவசாலிகள் டயரை முதலில் முடிவு செய்துவிட்டு, அது உரசாமல் சுற்றுவதற்கு எவ்வளவு லிஃப்ட் வேண்டுமோ அதை மட்டும் போடுவார்கள்.

டயர் எண்ணை எப்படிப் படிப்பது?

வி-கிராஸின் 18 இன்ச் வீல் மாடல்களில் வருவது 255/60 ஆர்18. இதில் 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் 60 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 153 மி.மீ. 18 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர், நடுவில் ரிம். எல்லாம் கூட்டினால் மொத்த உயரம் சுமார் 763 மி.மீ.

இதற்குப் பதில் 265/65 ஆர்18 போட்டால் உயரம் சுமார் 802 மி.மீ. டயர் 39 மி.மீ. பெரிதானாலும் ஆக்சில் உயர்வது அதில் பாதி, 19 மி.மீ. மட்டுமே. 2 சென்டிமீட்டர்கூட முழுசா கிடையாது!

அதற்கு கொடுக்கும் விலை என்ன? டயர் 5 சதவீதம் பெரிதாகிவிட்டதால் ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் போகும். ஓடோமீட்டரும் குறைவாகவே எண்ணும். இழுவை சக்தி ஏறக்குறைய அதே 5 சதவீதம் குறையும். கொண்டை ஊசி வளைவில் லோடோடு முதல் கியரில் ஏறும்போது கிளட்ச் வாடை வர ஆரம்பித்தால் காரணம் இதுவாக இருக்கலாம். டயரின் எடை கூடுவதால் பிரேக்குக்கும் வேலை அதிகம். ஆசைப்பட்டு 33 இன்ச் டயருக்குப் போனால் வித்தியாசம் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஆகிவிடும்.

வண்டி கவிழும் ஆபத்து ஏன் கூடுகிறது?

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். விடை எவ்வளவு பெரிதோ, வண்டி அவ்வளவு நிலையானது.

உதாரணத்துக்கு, சக்கர இடைவெளி 1,570 மி.மீ., எடை மையம் தரையில் இருந்து 700 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விடை 1.12. லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் சேர்ந்து மையத்தை 60 மி.மீ. உயர்த்தினால் விடை 1.03 ஆகக் குறைகிறது. இது காலி வண்டிக்கான கணக்கு. பின்னால் மூட்டை அடுக்கினாலோ, ஆட்கள் நின்றுகொண்டு போனாலோ மையம் இன்னும் மேலே போகும்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில், செம்பரை கோயிலுக்கு மக்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் உயிரிழந்தனர். அது லிஃப்ட் கிட் பற்றிய செய்தி அல்ல. ஆனால் இந்த மலைகளில் வாகனம் நிலை தவறினால் என்ன நடக்கும் என்பதை எல்லோருக்கும் காட்டிய சம்பவம். அப்படிப்பட்ட பாதையில் போகும் வண்டியின் எடை மையத்தை மேலும் உயர்த்துவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவுதான் இங்கே முக்கியம். ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்கள், தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றங்களுக்கு இடமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் தெளிவாக்கியது. 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். இது பேப்பரில் மட்டும் இருக்கும் சட்டம் என்று நினைக்க வேண்டாம். மாற்றியமைத்த மஹிந்திரா தார் வைத்திருந்த ஒருவருக்கு ஸ்ரீநகர் நீதிமன்றம் 6 மாத தண்டனை விதித்தது 2023 தொடக்கத்தில் நாடு முழுக்க பேசப்பட்டது. பிறகு நன்னடத்தை உறுதிமொழியின் பேரில் அவர் சிறை செல்லாமல் தப்பினார்.

'கடையில் விற்கிறார்களே, அப்புறம் எப்படி தப்பு?' என்று கேட்கலாம். பாகத்தை விற்பது வேறு, அதை வண்டியில் மாட்டி பொதுச் சாலையில் ஓட்டுவது வேறு. பிடிபடும்போது பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர்தான்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இங்கேதான் பெரிய அடி விழலாம். மாற்றங்களை நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் இருந்து, விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்டுபிடித்தால், சொந்த சேதத்துக்கான கிளெய்ம் சிக்கலாகும். சஸ்பென்ஷன் தொடர்பான வாரன்டியும் கேள்விக்குறிதான். சரக்கு வண்டி என்றால் எஃப்.சி. எடுக்கப் போகும்போதும் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

அப்போ என்னதான் செய்யலாம்?

* முதலில் டயரின் வகையை மாற்றுங்கள், அளவை அல்ல. கம்பெனி கொடுத்த அதே அளவில் 'ஆல் டெரெய்ன்' டயர் கிடைக்கும். மண், ஜல்லி, ஈரப் பாதைக்கு இதுவே பெரிய வித்தியாசம் தரும். 'மட் டெரெய்ன்' சேற்றுக்கு நல்லது, ஆனால் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு சத்தமும் தேய்மானமும் அதிகம்.
* டயரின் பக்கச்சுவரில் இருக்கும் லோடு இண்டெக்ஸ் எண், பழைய டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது. லோடு அடிக்கும் பிக்கப்புக்கு இது கட்டாயம்.
* பாலாற்றுப் படுகை போன்ற மணலில் சிக்கினால் காற்றைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் மறுபடி நிரப்ப வேண்டும்.
* அடிப்பாகத்துக்குப் பாதுகாப்புத் தகடு தேவையா என்று டீலரிடம் கேளுங்கள். நிறுவனமே தரும் பாகமாக இருந்தால் பின்னால் வம்பு குறைவு.
* எந்தப் பாகத்தை மாற்றுவதாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோல் லோடு, ஷூ லோடு அடிக்கும் சாதாரண பிக்கப்பை உயர்த்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் கமான் பட்டை குறிப்பிட்ட எடைக்காகவே கணக்கிடப்பட்டது.

உண்மையான பிரச்சினை எது?

2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயது குழந்தை, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிரிழந்தது. உடற்கூறாய்வு முடிந்து திரும்பும்போதும் ஆம்புலன்ஸ் பாதி வழிக்கு மேல் போக முடியவில்லை. குழந்தையின் உடலை தாய் கையில் சுமந்து நடந்த காட்சி தமிழ்நாட்டையே உலுக்கியது.

உயர்த்திய பிக்கப்பில் ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுபவருக்கு மோசமான பாதை என்பது ஒரு சாகசம். அங்கேயே வாழ்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஒருவர் தன் வண்டியை 2 இன்ச் உயர்த்தலாம். ஆம்புலன்ஸ் ஊருக்குள் வர வேண்டுமென்றால் சாலைதான் போட வேண்டும்.