ஃபார்வர்டு பண்ணுமுன் ஒரு நிமிஷம்!



அரியர் பேப்பருக்குப் படிக்கிறோமோ இல்லையோ, வாட்ஸ்அப் பார்க்காமல் நம்மில் எவரும் தூங்குவதில்லை. வகுப்புக் குழுவில் அடிக்கடி ஒரு குழந்தையின் படம் வந்து விழும். மூக்கில் குழாய், கண்ணில் கட்டு, கீழே வங்கிக் கணக்கு எண். தேதி இருக்காது, ஊர் இருக்காது. 'ஐயோ பாவம்' என்று பத்துப் பேருக்குத் தள்ளிவிட்டு அடுத்த மீமுக்குப் போய்விடுவோம்.

இரக்கம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் என்ன அறிகுறி, எங்கே காட்டணும் என்ற இரண்டும் இல்லாத செய்தி விழிப்புணர்வே அல்ல என்பது என் கட்சி.

ஓர் உதாரணம். ரெட்டினோபிளாஸ்டோமா என்பது குழந்தையின் விழித்திரையில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும். சீக்கிரம் பார்த்தால் உயிரைக் காப்பாற்றலாம். பல குழந்தைகளுக்குக் கண்ணையும் காப்பாற்றலாம். தாமதித்தால் கண்ணையே எடுக்க வேண்டி வரும், மூளைக்கும் பரவலாம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரியுமே, அது விழித்திரைக்குப் பின்னாலுள்ள ரத்தக்குழாய்களில் பட்டுத் திரும்பும் ஒளி. அங்கே கட்டி இருந்தால் ஒளி வெள்ளையாகத் திரும்பும். அவ்வளவுதான் விஷயம்!

அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷா. அவருடைய மகனுக்கு இந்த நோய் வந்தது. பிறகு பழைய குடும்பப் படங்களைப் புரட்டிப் பார்த்தார். டாக்டர் சொல்வதற்கு முன்பு எடுத்த படங்களிலேயே அந்த வெள்ளை இருந்தது! சக பேராசிரியர்களோடு சேர்ந்து, போனில் உள்ள படங்களைச் சோதிக்கும் செயலி ஒன்றை 2014-இல் வெளியிட்டார். 2019-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், கண்நோய் இருந்த குழந்தைகளில் 80 சதவீதம் பேரின் படங்களில், நோய் கண்டறியப்படுவதற்குச் சராசரியாக 1.3 ஆண்டுக்கு முன்பே செயலி வெள்ளையைக் காட்டியது. நம் கையில் இருக்கும் அதே போன்தான், நண்பர்களே!

நம் ஊர்க் கதை என்ன? குழந்தைக்கு மாறுகண் என்றால், "அதிர்ஷ்டம்டா, விட்டுடு" என்பார்கள் பாட்டிமார். அதுவும் இந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். போதாக்குறைக்கு, படம் அழகாக வரவேண்டும் என்று ஃபில்டர் போட்டுக் கண்ணைத் திருத்துகிறோம். உடம்பு சொல்லும் சேதியை நாமே அழிக்கிறோம்!

"எல்லாரையும் பயமுறுத்தச் சொல்றியா?" என்று கேட்கலாம். இல்லை. ஒளி விழும் கோணத்தாலும் வெள்ளை தெரியலாம். பிறவிக் கண்புரையாகவும் இருக்கலாம். தீர்ப்புச் சொல்வது டாக்டர் வேலை. "ஒருதரம் கண் டாக்டரிடம் காட்டிடுங்கக்கா" என்று சொல்வது மட்டுமே நம் வேலை. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில், 18 வயது வரை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் இலவசமாகவே பரிசோதிக்கிறார்கள். இதையெல்லாம் எந்த ஃபார்வர்டு சொன்னது?

இன்னொன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத இடம் உண்டு. இன்று படத்தில் அழும் குழந்தை நாளை நம் லேபில் பக்கத்து மேஜையில் நிற்கலாம். அன்றும் அந்தப் பழைய படம் சுற்றிக்கொண்டிருந்தால் அவன் மனசு என்ன பாடுபடும்? பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் முகத்தைப் பரப்ப நாம் யார்?

ஆகவே நம் சங்கக் குழுவுக்கு ஒரு யோசனை. நோய்ச் செய்தி எதுவானாலும் தேதி, அறிகுறி, காட்டவேண்டிய இடம் மூன்றும் இருந்தால் போடுவோம், இல்லையேல் நிறுத்துவோம். கண்ணீரைப் பரப்பியது போதும், தோழர்களே. கண்ணைக் காக்கும் தகவலைப் பரப்புவோம்!