பழைய சீட் எங்கடா?

அரியர்ஸ் டென்ஷனை அஞ்சு நிமிஷம் ஓரமா வெச்சுட்டு வாங்க. இந்த வாரம் ஒரு அழகான காரோட மூக்கைப் பத்திப் பேசுவோம். கார் ஜெர்மன்காரங்களோடது, ஓடினது அமெரிக்காவில. ஆனா கடைசியில எங்க வீட்டு பைக் கதை ஒண்ணும் வரும். அதுக்காகத்தான் இந்தக் காரையே எடுத்தேன்.

மெர்சிடிஸ் பென்ஸ் 450 எஸ்.எல். ரெண்டே பேர் போற, கூரையைக் கழட்டிட்டு ஜாலியா ஓட்டுற ஸ்போர்ட்ஸ் கார். இந்த எஸ்.எல். வரிசையை 1971-ல இருந்து 1989 வரைக்கும் பெருசா தோற்றம் மாத்தாமலே தயாரிச்சாங்க. அதுல பாதிக்கு மேல அமெரிக்காவுக்குத்தான் கப்பல் ஏறிச்சு.

இப்ப ஜெர்மனியில ஓடின வண்டியையும், அமெரிக்காவில ஓடினதையும் பக்கத்துப் பக்கத்துல நிறுத்துங்க. ‘ரெண்டும் ஒரே காரா?’னு கேப்பீங்க. ஜெர்மன் வண்டிக்கு உடம்போட ஒட்டின மெல்லிசான குரோம் பம்பர். ஒரே கண்ணாடிக்குள்ள அகலமான ஹெட்லைட். அமெரிக்க வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் தண்டவாளத்தை வெட்டி மாட்டின மாதிரி பம்பர், நாலு உருண்டை விளக்கு. அழகான பொண்ணு பல்லுக்கு க்ளிப் போட்ட மாதிரி! மொத்த நீளத்துல மட்டும் ஒரு சாண் கூடிப்போச்சு.

டிசைனருக்குக் கிறுக்கா? இல்ல பாஸ், எல்லாம் சட்டம்! பார்க்கிங்ல லேசா இடிச்சதுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் செலவு எகிறுதேனு அமெரிக்க அரசு ஒரு விதி போட்டது. 1973 மாடல்ல இருந்து, மணிக்கு 5 மைல், அதாவது 8 கிலோமீட்டர் வேகத்துல முன்பக்கம் இடிச்சா ஹெட்லைட் மாதிரியான பாதுகாப்பு சமாசாரங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. அடுத்த வருஷ மாடல்ல இருந்து பின்பக்கத்துக்கும் அதே கணக்கு. அதனால பம்பருக்குப் பின்னாடி ஷாக் அப்சார்பர் வெச்சாங்க. அது உள்ள போய்த் திரும்ப இடம் வேணுமே? பம்பர் மூக்கை நீட்டிக்கிட்டு வெளியே வந்துடுச்சு. நம்ம மெக்கானிக்ஸ் பேப்பர்ல வர்ற எனர்ஜி அப்சார்ப்ஷன் கணக்கேதான்! 1982-ல அந்த 5 மைலை இரண்டரை மைலா குறைச்சாங்க. அதுக்குள்ள ஒரு தலைமுறைக் காருங்க முகம் மாறிப்போச்சு.

ஹெட்லைட் கதை இன்னும் பழசு. லென்ஸ், ரிஃப்ளெக்டர், இழை மூணையும் ஒண்ணா சீல் பண்ணின விளக்குதான் போடணும்னு 1940-லயே அங்கே முடிவு பண்ணிட்டாங்க. 1983-ல விதி தளர்ற வரைக்கும் வேற தினுசு விளக்குக்கு வழியே இல்லை.

இதனாலதான் அந்த ஊர் கிளாஸிக் கார் பைத்தியங்களுக்கு ‘யூரோ லுக்’ மேல அப்படி ஒரு மோகம். ஐரோப்பிய பம்பர், ஐரோப்பிய ஹெட்லைட் ரெண்டையும் தேடிப் பிடிச்சு மாட்டிடுவாங்க. இன்ஜின் அதேதான், வேகம் அதேதான். ஆனா டிசைனர் மொதல்ல வரைஞ்ச முகம் திரும்பி வந்துடும். நியாயமான ஆசைதானே?

ஆனா மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, பம்பரை மாத்தினா அந்த மெத்தை போச்சு. ரிவர்ஸ்ல லேசா இடிச்சாலும் பர்ஸ் காலி. ரெண்டு, ஐரோப்பிய விளக்குக்கு அமெரிக்க அங்கீகாரம் கிடையாது. அதுலயும் இங்கிலாந்து வண்டியோட விளக்கை வாங்கிட்டா தொலைஞ்சோம்! அங்க இடது பக்கம் ஓட்டுறதால ‘டிம்’ வெளிச்சம் இடப்பக்கமா ஏறும். அமெரிக்காவில அது நேரா எதிர்ல வர்றவர் கண்ணுலதான் அடிக்கும்.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம். பென்ஸுல இது பெரும்பாலும் போல்ட் கழட்டி மாட்டுற வேலை. விவரமான ஆளுங்க பழைய பம்பரைத் துணி சுத்தி கராஜ்ல பத்திரமா வெச்சிருப்பாங்க. நாளைக்கு வண்டியை வாங்குறவர் ‘ஒரிஜினலா வேணும்’னு கேட்டா? ஆனா இங்கிலாந்தோட எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரைப் பாருங்க. 1974-ல அதே அமெரிக்க விதிக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் போட்டு, வண்டியையும் ஒரு இன்ச் தூக்கிட்டாங்க. அதைப் பழைய குரோம் முகத்துக்கு மாத்தணும்னா தகட்டை வெட்டணும், வெல்டு வைக்கணும். வெட்டினா வெட்டினதுதான். திரும்பி வர வழி கஷ்டம்.

வெட்டினா வெட்டினதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுல அப்பாவோட யமஹா ஆர்.எக்ஸ். 100 இருக்கு. ஃபர்ஸ்ட் இயர் லீவுல அதை ‘கஃபே ரேஸர்’ ஆக்குறேன்னு கிளம்பினேன். 1960-கள்ல இங்கிலாந்துப் பசங்க ஓட்டின ஸ்டைல். தாழ்ந்த ஹேண்டில்பார், ஒத்தை சீட்டு, பின்னாடி ஒரு திமில். பின்பக்க ஃபிரேமை வெட்டி, புது சீட்டை வெல்டு வெச்சாச்சு. பழைய சீட்டும் கேரியரும் எடைக்குப் போயிடுச்சு. காலேஜ் கேட்ல நிறுத்தினப்போ ஒரே விசில்!

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா ஒரு சுத்து சுத்திப் பார்த்தார். திட்டலை. ‘பழைய சீட் எங்கடா?’னு மட்டும் கேட்டார். அம்மா வாசல்ல நின்னுக்கிட்டு, ‘இனிமே நான் எங்க உட்கார்றது?’னு சிரிச்சாங்க. அவங்க சிரிச்சதுதான் இன்னும் குத்துது. கல்யாணமான நாள்ல இருந்து வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அவங்க போன சீட் அது. டேங்க் மேல நான், பின்னாடி அம்மா. அந்த இடத்தைத்தான் நான் கிலோ கணக்குல வித்திருக்கேன்.

சட்டமும் நம்ம பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன ஒரிஜினல் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. ஆர்.சி. புதுப்பிக்கிற நேரத்துல என் திமிலுக்கு என்ன பதில் சொல்றதுனு இப்ப முழிக்கிறேன்.

மாடிஃபிகேஷனே வேணாம்னு சொல்ல வரலை. நானே செய்வேன். ஆனா ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்டுக்கோங்க. ‘இந்தப் பார்ட்டை இங்க ஏன் வெச்சாங்க? நாளைக்குத் திரும்ப மாட்ட முடியுமா?’ ரெண்டாவதுக்கு ‘முடியாது’ன்னா, அந்த கட்டிங் மெஷினைக் கீழ வெச்சிடுங்க. கழட்டினதைத் துணி சுத்தி பரண்ல போடுங்க.

நான் இப்ப ஞாயித்துக்கிழமையானா பழைய இரும்புக் கடை கடையா ஏறி இறங்குறேன். ஆர்.எக்ஸ். 100 சீட்டு ஒண்ணு கண்ணுல பட்டா சொல்லுங்க பாஸ். அம்மா வெயிட்டிங்!