பறவைகளுக்கும் ஐந்தொகை

செட்டிநாட்டாருக்குக் கணக்கைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் சாமான் பரப்பினால் ஒரு சின்னக் கரண்டிகூட எண்ணாமல் விடுபடாது. வருஷ முடிவில் ஐந்தொகை போட்டுப் பார்த்தால்தான் வியாபாரிக்குத் தூக்கம் வரும். பெட்டகத்தைப் பூட்டினால் மட்டும் போதாது; உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். இந்தச் சீமையின் பழைய பாடம் இது. பறவைகளுக்கும் இது பொருந்தும் என்பதுதான் இந்த வாரத்துச் சமாசாரம்.

திருப்பத்தூருக்கு அருகே, மதுரைச் சாலையை ஒட்டி, வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி என்று இரண்டு சிற்றூர்கள். அங்குள்ள மூன்று கண்மாய்கள் 1977-ல் பறவைகள் சரணாலயமாயின. மொத்தப் பரப்பு சுமார் 38 ஹெக்டேர். நம் கணக்கில் 95 ஏக்கர். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் நிறைந்தால், நீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா என்று விருந்தாளிகள் வந்து குடியேறிக் குஞ்சு பொரிக்கும்.

அந்தச் சமயத்தில்தானா தீபாவளி வர வேண்டும்? ஊரார் யோசித்தார்கள். வெடிச் சத்தத்தில் தாய்ப் பறவை மிரண்டு பறந்தால் முட்டையின் கதி என்ன? பட்டாசே வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். சுமார் அரை நூற்றாண்டாக அந்தக் கட்டுப்பாடு நடந்து வருகிறது. மத்தாப்புக்கு ஆசைப்படுகிற வயதில் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தாய்மார்களுக்குத் தெரியாதா? வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்புக் கொண்டுபோய்க் கொடுத்து இவர்களைக் கௌரவிக்கிறார்கள்.

இவ்வளவு தியாகம் செய்தும், பறவைகள் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா என்று தெரியாவிட்டால் என்ன பிரயோஜனம்? அதற்குத்தான் கணக்கெடுப்பு. பறக்கிற பறவையை எப்படி எண்ணுவது என்று கேட்பீர்கள். விடியற்காலையில், சத்தமில்லாமல், கரையில் நின்று கண்மாயைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொள்வார்கள். கூட்டம் பெரிதானால் முதலில் நூறு பறவைகளை எண்ணி, அந்த நூறு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பதித்துக் கொண்டு, அப்படி எத்தனை நூறு என்று பார்ப்பார்கள். கூடு கட்டும் இனமானால் கூடுகளையே எண்ணிவிடலாம். ஒரு கூட்டுக்கு ஒரு ஜோடி.

ஒரு வருஷக் கணக்கை நம்பி ஏமாறவும் கூடாது. மழை பொய்த்து இங்கே கண்மாய் வறண்டால், பறவைகள் வேறு ஏரியில் இருக்கக்கூடும். ஆகவேதான் பல நீர்நிலைகளில் ஒரே சமயத்தில் எண்ணுகிறார்கள், வருஷந்தோறும் எண்ணுகிறார்கள். ஆசிய நாடுகளில் ஜனவரி மாதத்தில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-லிருந்து நடந்து வருகிறது.

எண்ணுவதால் பலன் உண்டா? வடக்கே அலாஸ்காவில் ஸால்மன் என்ற மீன் உண்டு. ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தாய்வீடு வருகிற பெண்ணைப் போலப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. அங்கே பிரிஸ்டல் விரிகுடாவில் விழும் சில ஆறுகளின் கரைகளில் பரண் கட்டி, ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் மீன்களை எண்ணி, ஆறால் பெருக்கிக் கொள்கிறார்கள். இரவிலும் இந்த வேலை நடக்கிறது. அடுத்த தலைமுறைக்குத் தேவையான மீன்கள் மேலே போய்ச் சேருகின்றனவா என்பதைப் பார்த்தே கடலில் வலை வீச அனுமதி. விதைநெல்லை ஒதுக்கிவிட்டு உலை வைப்பது போல!

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற ஆராய்ச்சியாளர் 1980-களில் கழுகுக் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். 1990-களில் மறுபடி எண்ணினால், பாதிக்கு மேல் காணோம்! பழைய கணக்கு இருந்ததால்தான் நஷ்டம் தெரிந்தது. மாடுகளுக்குக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தே விஷம் என்று 2004-ல் வெளியாயிற்று. கால்நடைகளுக்கான அந்த மருந்தை இந்தியா 2006-ல் தடை செய்தது. அதற்குள் பெரும்பாலான பிணந்தின்னிக் கழுகுகள் போய்விட்டன. கணக்குப் பார்க்கத் தாமதித்தால் முதலுக்கே மோசம்.

இதற்கெல்லாம் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் பொதுமக்களே பறவைகளை எண்ணும் ஏற்பாடு இருக்கிறது. மொட்டை மாடியோ, ஊருணிக் கரையோ, பதினைந்து நிமிஷம் நின்று பார்த்துப் பதிவு செய்தால் போதும். பால் கணக்கும் சலவைக் கணக்கும் பிசகாமல் எழுதும் நம் பெண்களுக்கு இது ஒரு பிரமாதமா? குழந்தைகளையும் கூட்டிக் கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை: கண்ணில் பட்டதை மட்டுமே எழுத வேண்டும். நேற்று பத்துக் கொக்கு, இன்று ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை என்றே எழுதுங்கள். கணக்கில் அதுவும் ஒரு வரிதான். சில வருஷங்களில் அதுவே மிக முக்கியமான வரியாகிவிடும்.